துப்பிவிடும் வேலை

மலைமேல் இருக்கும் சோளக்காட்டுச் சந்தையில் நாகலட்சுமியிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. ஒருமுறை பேசிப் பார்த்தவர்கள் அடுத்த முறை பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். பலாப்பழமும் மிளகும் மலைவாழையும் விற்கிற அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது ஊரறிந்தது. அந்தக் கோபம் சும்மா வரவில்லை.

அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம். புருஷன் தனபாலுக்குக் கிணற்றோடு சொந்த நிலம் இருந்தது. அதில் பாதியை அவன் குடித்தான். மீதியை அவன் வைத்தியம் தின்றது. ஆள் எங்கே என்று கேட்டால் ஊரார் "ஒயின் ஷாப்புல" என்பார்கள். அங்கே விற்றது பிராந்திதான் என்றாலும் ஒயின் என்ற சொல்தான் அவள் மனதில் விஷமாக ஏறியது. அவன் செத்த பிறகு பங்காளிகளின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல், பள்ளிக்கூட வயது மகளோடு மலையேறி வந்து கடை போட்டாள்.

அந்த மகள் சுமித்ரா கோயம்புத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்தாள். பெங்களூருக்கு அப்பால் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. என்ன கம்பெனி என்று கேட்டதற்கு, "திராட்சை ஜூஸ் கம்பெனிங்மா" என்றாள். நாகலட்சுமி அதைச் சந்தை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

போன தைக்கு முந்தின தையில் சுமித்ரா லீவில் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் இருந்து பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலையில், துவைக்கத் துணி எடுக்கலாம் என்று மகளின் பையைத் திறந்தாள் நாகலட்சுமி. உள்ளே துண்டில் சுற்றி, இருமல் மருந்துக் குப்பிகள் போல ஒரு டஜன். பிள்ளைக்கு என்ன சீக்கோ? ஒன்றைத் திறந்து மோந்தாள்.

குளியலறையில் இருந்து சுமித்ரா ஓடி வந்தபோது, துவைக்கிற கல்லில் பத்துக் குப்பிகள் உடைந்து கிடந்தன.

"என்ன புள்ள இது?"

"ஒயினுங்மா."

"ஜூஸ் கம்பெனின்னயே."

"ஒயின்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

மிச்சம் இருந்த இரண்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டு சுமித்ரா சொன்னாள். ஒயினைச் சுவைத்துப் பார்த்து, எது சரி, எது கெட்டது என்று சொல்வதுதான் அவள் வேலை. அடுத்த மாதம் அதற்கு ஒரு பெரிய பரீட்சை. பெயர் தெரியாமல் ஊற்றிக் கொடுப்பார்கள். எந்த ஊர், என்ன திராட்சை என்று நாக்கை வைத்தே சொல்ல வேண்டும். அதற்குப் பழகத்தான் இந்தக் குப்பிகள்.

"பிரபலமான ஊருங்களோடத எல்லாரும் சொல்லீருவாங்க. இதெல்லாம் வெளிய அவ்வளவா தெரியாத ஊருங்களோடதும்மா. ஜார்ஜியான்னு ஒரு நாடு, அங்க பானைய மண்ணுக்குள்ள புதைச்சு செய்யறாங்க, அதுகூட இருந்துச்சு. கூட வேலை செய்யறவங்களோட சேந்து எத்தனை பாடுபட்டு வரவழைச்சோம். அத்தனையும் ஒடச்சிட்டீங்களே."

"உங்கப்பனும் ருசி பாக்கறேன்னுதான் ஆரம்பிச்சான்."

சுமித்ரா ஒரு குப்பியை டம்ளரில் சாய்த்தாள். மோந்தாள். ஒரு வாய் எடுத்து, வாய் கொப்பளிப்பது போல உருட்டி, வாழை மரத்தடியில் துப்பினாள்.

"முழுங்க மாட்டேனுங்மா. முழுங்கினா நாக்கு மழுங்கிரும், பொழப்பு போயிரும். இத மோந்து பாருங்க. இத்தாலில ஒரு மூலையில வெளையற திராட்சை, ஸ்கியோபெத்தீனோன்னு பேரு. அழிஞ்சுபோற நெலமையில தேடிப் புடிச்சு வளத்தாங்க. மொத தடவ மோந்தப்ப, நம்ம வாசல்ல மிளகு காயப்போட்ட மாதிரி இருந்துச்சு. கம்பெனில அத்தனை பேருக்கு முன்னால அழுதுட்டேன்."

மோந்து பார்க்கக் கூடாது என்றுதான் நாகலட்சுமி நினைத்தாள். ஆனால் டம்ளர் முகத்துக்கு நேரே இருந்தது. மகள் சொன்னது நிஜம், மிளகு வாசம்தான். பிராந்தி வாடை அடித்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பாள். இது கோபத்தை இரண்டு மடங்காக்கியது.

"என் மிளகக் கொண்டுபோயி எதுக்குடி அந்தக் கருமத்துல சேக்கறே? வேலைய விட்டுட்டு ஊட்டோட கெட" என்று டம்ளரைத் தட்டிவிட்டாள்.

சனிக்கிழமை முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. மாப்பிள்ளை ரமேஷ்குமார், அவன் அப்பா மணிவண்ணன், அம்மா பிரபாவதி. மணிவண்ணன் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். காபி டம்ளரை நீட்டக் குனிந்தபோதே நாகலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாடையோடு குடும்பம் நடத்தியவள் அவள். மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மணிவண்ணன் காபியை ஊதிக்கொண்டே ஆரம்பித்தார். "ஏனுங்க, பொண்ணு சாராயம் ருசி பாக்கற வேலையாமா? செல்போன்ல அந்தக் கம்பெனி போட்ட வீடியோவே பாத்தோம். எங்க குடும்பம் கௌரவமான குடும்பமுங்க. கண்ணாலத்துக்கு முன்னால வேலைய விட்டுரோணும். இதுவரைக்கும் குடிச்சதுக்குக் கோயில்ல ஒரு பரிகாரம் பண்ணீரலாம்."

ரமேஷ்குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலையை விடு என்று இரண்டு நாளாக நாகலட்சுமியே சொன்னதுதான். அதே சொல் அந்த வாயில் இருந்து வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மேல வாரப்ப எந்த வளைவுல காரை நிறுத்துனீங்க?" என்றாள்.

"என்னங்க கேக்கறீங்க?"

"ஏலக்காய்க்கு அடியில பிராந்தி நாறுதுங்க. பொண்ணு பாக்க வாரப்பவே குடிச்சிட்டு வந்திருக்கீங்க. என் மக வாயில வெச்சதத் துப்பீட்டு சம்பளம் வாங்கறா. நீங்க முழுங்கீட்டு வந்து, என் ஊட்டுல உக்காந்து, அவளுக்குப் பரிகாரம் சொல்றீங்க."

மணிவண்ணன் துள்ளி எழுந்தார். ஆம்பளை இல்லாத வீட்டில் மரியாதை இப்படித்தான் இருக்கும் என்று கத்தினார். நாகலட்சுமி அவர் கையில் இருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஆம்பளை இருந்த ஊட்டுலதானுங்க நான் இத்தனையும் பட்டேன். கெளம்புங்க."

பிரபாவதி தலையைக் குனிந்தபடி நின்றாள். "உங்களச் சொல்லலீங்க. உங்க பாடு எனக்குத் தெரியும்" என்றாள் நாகலட்சுமி அவளிடம் மட்டும், மெதுவாக.

கார் போன பிறகு சுமித்ரா அம்மாவைப் பார்த்தாள். மகள் முகத்திலும் கோபம்தான். "இதத்தானே ரெண்டு நாளா நீங்களும் சொன்னீங்க?"

"நான் பெத்தவ, சொல்லுவேன். அவன் யாரு சொல்றதுக்கு?"

"அப்ப நீங்க ஒடச்ச குப்பி?"

நாகலட்சுமி காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போனாள்.

அந்த வருடப் பரீட்சையில் சுமித்ரா தோற்றாள். போனில் சொன்னபோது அம்மாவைக் குறை சொல்லவில்லை, அழவும் இல்லை. அதுதான் நாகலட்சுமியைச் சுட்டது. யார் மேலேயோ எரிந்து விழுந்தே பழகியவளுக்குத் தன் மேல் வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தையில் இரண்டு பேரோடு சண்டை போட்டாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "அடுத்த தடவ இங்கயே வந்து படி. எவனாச்சும் கேட்டா நான் பேசிக்கறேன்" என்றாள்.

இரண்டாவது முறை சுமித்ரா தேறினாள். புரட்டாசியில் திராட்சை அறுவடைக்கு ஜார்ஜியா போனாள். அங்கிருந்து படங்கள் அனுப்பினாள். கொடிகளுக்கு நடுவே, கூடையும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். படத்தைப் பக்கத்துக் கடைக்காரியிடம் காட்டிய நாகலட்சுமிக்கு முகம் சிவந்துவிட்டது.

"எப்பிடி எளச்சுப் போயிட்டா பாரு. பழத்த மட்டும் பறிக்க உட்டுட்டு அந்த ஊர்க்காரனுங்க எம்புள்ளைக்குச் சோறு போடறானுங்களா இல்லியா?"