ஒட்டுப் பிரித்த ஜப்பான் சட்டை

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில், மலையடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரைக்காரர்களின் மூட்டை சுமப்பது, அம்மாவின் தம்பியான என் மாமாவுக்குப் பக்க வேலை. ஒருமுறை, மலையிறங்கி வந்த ஜப்பான்காரர் ஒருவர் தன் பருத்திச் சட்டையைக் கழற்றி மாமாவுக்குப் போர்த்திவிட்டுப் போனாராம். தடித்த கருநீலச் சட்டை. ஒட்டுக்கு மேல் ஒட்டு, எல்லாவற்றிலும் வெள்ளை நூலில் பொடிப்பொடியாகத் தையல். மாமா அதை எனக்கென்று தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் நான் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். குளிருக்கு நான் போர்த்திக்கொண்டிருந்தது சாக்கு. சாக்கோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். சட்டை இல்லையென்றால் படிப்பு இல்லை. கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்.

"ஒட்டோட என் புள்ள டவுனுக்குப் போகாது. உள்ளுக்கு நல்ல துணி இருக்கும், பிரிச்சுப் பாத்துர்றேன்" என்றாள் அம்மா.

"வேணாங்கா, அப்படியே போட்டுக்கட்டும்" என்றார் மாமா.

அம்மா ஒன்றைச் சொல்லிவிட்டால் வெள்ளைக்காரத் துரையே வந்தாலும் மாற்ற முடியாது. எனக்கும் அதே குணம். எங்கள் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசியோடு உட்கார்ந்தாள். ஓர் ஒட்டைப் பிரித்தால் அடியில் இன்னோர் ஒட்டு, அதற்கும் அடியில் ஓட்டை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மத்தியானத்துக்குள் அவள் மடியில் ஒரு குவியல் கந்தல். சட்டையென்று சொல்லக் கழுத்துப்பட்டி மட்டும் மிச்சம். ஒட்டுகள்தான் அங்கே சட்டையாக இருந்திருக்கின்றன.

நான் தரையில் உருண்டு அழுதேன். "நாளைக்கு நான் எப்படிப் போறது?"

"போவே. வாய மூடு."

நல்லது கெட்டதுக்கு உடுத்த வைத்திருந்த மஞ்சள் சேலையைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து, குறுக்கே ஒரே வெட்டாக வெட்டினாள். அதை அடித்துணியாக விரித்து, கந்தல்களை ஒவ்வொன்றாக மேலே வைத்து, பழைய தையல் தடத்தைப் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். விரலில் ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. விளக்கு வைப்பதற்குள் சட்டை தயார். முன்பைவிட ஒட்டு அதிகம். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் என்னை யாரும் தடுக்கவில்லை.

அந்த வருஷம் வகுப்பில் முதலாவதாக வந்தேன். பரிசு கொடுத்த அன்று மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் எல்லாரும் வந்திருந்தார்கள். "எனக்கு மலையில வேல கெடக்கு, நீ போயிட்டு வா" என்று என் அம்மா மட்டும் வரவில்லை. எனக்குப் பொல்லாத கோபம். இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெளியே உடுத்திப் போக அவளுக்கிருந்த ஒரே சேலையை நான்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.