கேட்டருகே மூன்று எண்கள்

போன வாரம் காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே ஒரு தனியார் பள்ளியின் சுவரை மறைத்துப் புது ஃப்ளெக்ஸ். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சியாம். எதையும் எண்ணாமல் விடமாட்டேன், அது என் பழக்கம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வதை மட்டும்தான் எண்ணுவதில்லை. ஃப்ளெக்ஸில் சிரித்த முகங்களை எண்ணி முடிப்பதற்குள் வந்த பஸ் போய்விட்டது. அப்போதும் மனசு ஆறவில்லை. நூறு சரி, எத்தனை பேரில் நூறு?

வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடமே போய்க் கேட்டேன்.

"கண்ணு தெரியலையா சார்? அவ்ளோ பெருசா போட்ருக்காங்களே, நூறுன்னு."

"அது தெரியுதுப்பா. ஒன்பதாவதுல எத்தனை பேரு இருந்தாங்க?"

"அத எதுக்கு சார் போர்டுல போடப்போறாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பையிலிருந்து வெங்காய நெடி வேறு அடித்ததா, செல்வியும் கூடவே ஞாபகத்துக்கு வந்துவிட்டாள்.

பாலக்கரைப் பக்கம் ஒரு சிறிய அரசுப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது பத்தாவது படித்த பெண் செல்வி. விடிவதற்கு முன்பே அம்மாவோடு வெங்காய மண்டிக்குப் போய், சருகு நீக்கித் தரம் பிரித்துவிட்டு, அங்கிருந்தே பள்ளிக்கூடம் வருவாள். அவள் பரீட்சைத் தாளைத் திருத்தும்போது எனக்குக் கண் எரியும். வெங்காயத்தாலா மார்க்காலா என்று சொல்வது கஷ்டம்.

வகுப்பில் பாதிக்குப் பாதி முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் சவூதி, குவைத், துபாய் என்று ஒரு வரிசை பதில் சொல்லும். மூட்டை தூக்குகிறார், ஆட்டோ ஓட்டுகிறார் என்று அடுத்த வரிசை சொல்லும். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இருந்த பிள்ளைகள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அப்படி ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு எங்கள் பள்ளி வாங்கிய தேர்ச்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அதற்குக் காரணம் எங்கள் தலைமையாசிரியை மெஹருன்னிசா டீச்சர். மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்து, சுண்டலும் தன் செலவில் போடுவார். ரமலான் மாதத்தில் அதையே காலைக்கு மாற்றிவிடுவார். நோன்பு வைத்த பிள்ளைகளின் எதிரே சுண்டல் வாசனை எதற்கு என்பார். ரிசல்ட் வந்த அன்று கேட்டருகே இருக்கும் கரும்பலகையில் அவர் கையாலேயே மூன்று எண்கள் எழுதுவார். சேர்ந்தவர், எழுதியவர், தேறியவர். மற்ற பள்ளிகள் சதவீதத்தை மட்டும் எழுதின. சேர்ந்தவர் எத்தனை என்பதையும் பலகையில் போட்டது நான் பார்த்தவரை இவர் ஒருவர்தான்.

சில பள்ளிகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பு, தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையின் வீட்டாரைக் கூப்பிட்டு டி.சி.யைக் கொடுத்து, தனித்தேர்வராக எழுதட்டும் என்று அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கு நூறு வந்துவிடும்.

அந்த வருஷம் எங்கள் பத்தாவதில் நாற்பத்து மூன்று பேர். அரையாண்டில் செல்வி கணக்கில் வாங்கியது பதினான்கு. மற்ற எல்லோரும் கரையேறிவிடுவார்கள் என்று தெரிந்தது. விஞ்ஞான வாத்தியார் ஆரோக்கியசாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"டீச்சர், ஒரே ஒரு டி.சி. நம்மளும் நூறு. எண்ணிக்கிட்டே இருப்பாரே நம்ம கணக்கு சாரு, அவரையே கேளுங்க."

டீச்சர் என்னைக் கேட்கவில்லை. செல்வியின் அம்மாவைத்தான் வரச்சொன்னார். அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"வேணாம்னு நீங்க சொல்லிட்டா மலைக்கோட்டைல ஜவுளிக் கடை ஒண்ணுல ஆள் கேக்குறாங்க, விட்டுடுறேங்க. அதுக்கப்புறம் எங்க படிக்கப்போவுது?"

"யாரும்மா வேணாம்னு சொன்னது? இந்த மூணு மாசம் மண்டிக்கு மட்டும் அனுப்பாதீங்க. மத்தத சார் பாத்துக்குவார்."

சார் பார்த்துக்கொண்ட லட்சணம் எனக்குத்தான் தெரியும். மூன்று மாதமும் எனக்குச் சரியான தூக்கமில்லை. இயற்கணிதத்தை விட்டுவிட்டு வரைபடமும் வடிவியலும் போட வைத்தேன். செல்வியும் சளைக்கவில்லை.

ரிசல்ட் வந்தது. செல்விக்குக் கணக்கு நாலு மார்க்கில் போய்விட்டது.

டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், சேர்ந்தவர் 43, எழுதியவர் 43, தேறியவர் 42 என்று எழுதினார். செல்வி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாலதான் ஒண்ணு கொறஞ்சுபோச்சு டீச்சர்."

"கொறயலம்மா. பாக்கி இருக்கு. நாளைக்கு வா, சாரு இருப்பாரு."

மறுநாள் வந்தாள். லீவு நாளிலும் வந்தாள். அந்தப் பலகையை அழிக்க டீச்சர் யாரையும் விடவில்லை. மழை வந்தால் பிளாஸ்டிக் தாள் கட்டச் சொன்னார். அக்டோபர் துணைத்தேர்வு எழுதி, அதன் ரிசல்ட்டும் வந்து செல்வி தேறினாள். டீச்சர் போய் 42-ஐ உள்ளங்கையால் அழித்துவிட்டு 43 என்று எழுதினார்.

ஆரோக்கியசாமி பின்னாலேயே ஓடினார். "டீச்சர், இது மார்ச் ரிசல்ட்டு!"

"நம்ம கிட்ட சேந்தவ தேறிட்டாளா இல்லையா சார்?"

ஆரோக்கியசாமி பலகையை உற்றுப் பார்த்தார். 43 கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் இப்போது இல்லை. சுவரைப் புதிதாகக் கட்டியபோது அந்தப் பலகையும் போய்விட்டது. ரிசல்ட் இப்போதெல்லாம் அவரவர் போனுக்கே வந்துவிடுகிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. தேறாத பிள்ளை கேட்டருகே வந்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வந்து நின்றதால்தானே, பாக்கி இருக்கிறது என்று செல்வியிடம் ஒருவர் சொல்ல முடிந்தது?