ஆறாம் நம்பர் கண்

என் அண்ணன் ஜெயகாந்தன், கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் இருபத்தாறு வருடம் தேயிலைத் தூள் சலித்தார். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ஸ்டோரிலிருந்து அவர் வரும்போது புருவம் வரை தூள் படிந்திருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில் அவரும் நானும் மட்டும். நான் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன்.

தொலைநோக்கி மூன்று வருடத்துக்கு முன் வந்தது. நுவரெலியாவில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு கிடந்தது. மூன்று கால்களில் ஒன்று வளைந்திருந்தது. பார்ப்பதற்காகச் செருகும் சின்னக் குழாய் ஒன்றே ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் 10 என்று எழுதியிருந்தது. அதற்குப் பெயர் ஐபீஸ். அண்ணன் அதைக் கண் என்றார்.

அந்தக் கண்ணில் நிலா நன்றாகத் தெரிந்தது. வியாழனும் தெரிந்தது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் மட்டும் அடங்கவில்லை. வானத்தில் சிறு கொத்தாக இருப்பது, குழாய்க்குள் போனதும் சிதறியது. இரண்டு மூன்று வெள்ளிகள் வட்டத்துக்குள் நிற்கும், மற்றவை வெளியே போய்விடும். குழாயை நகர்த்தினால் வேறு இரண்டு வரும். முதலில் வந்தவை போய்விடும்.

இதை வைத்து அவருக்கும் இராமையாவுக்கும் ஒரு வழக்கு நடந்தது. இராமையா அண்ணனோடு சலிக்கும் பகுதியில் வேலை செய்பவர். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர், ஆகவே வெள்ளியும் ஆறு என்பது அவர் கட்சி. முப்பதுக்குக் குறையாது என்பது அண்ணன் கட்சி. ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் எல்லோர் முன்னாலும் இராமையா சொன்னாராம்:

"ஆறு பொம்பளைங்கதான் ஜெயகாந்தா. கல்யாணம் கட்டாதவன்னு சொல்லிட்டு ஏழாவதா நீ யாரையாவது கூட்டிட்டு வந்துராத."

அதை வீட்டில் வந்து சொல்லும்போது அண்ணன் சிரித்தார். ஆனால் முழுக் கொத்தையும் ஒரே வட்டத்தில் காட்டுகிறேன், எண்ணிக்கொள் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்திருந்தார். எங்கள் பக்கம் தை, மாசியில்தான் முகில் விலகி வானம் விடும். அதற்குப் பிறகு மழை தொடங்கும். கார்த்திகையும் மேற்கே இறங்கிவிடும். அதற்குள் அகலமாகக் காட்டும் ஒரு கண் வேண்டும் என்பதே அவருக்கு நினைப்பாகிவிட்டது.

மார்கழி விடுமுறையில் கைப்பேசியில் ஒரு பக்கத்தை எடுத்துவந்தார். ஒரே வகைக் கண், நாலு நம்பரில்: 6, 9, 15, 20. நாலும் அறுபத்தாறு பாகை அகலம் என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தை வாசித்துச் சொல்லச் சொன்னார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மேலே இருந்த மூன்று பந்திகளை வாசித்துச் சொன்னேன். கடைசிப் பந்தியை விட்டுவிட்டேன்.

"போதும், வெளங்கிருச்சு" என்றார். "சல்லட மாதிரித்தான்."

பத்தாம் நம்பர் சல்லடை என்றால் ஓர் அங்குலத்துக்குப் பத்துக் கண். நம்பர் கூடக் கூடக் கண் சிறுத்துக்கொண்டே போகும். நம்பர் குறைந்தால் கண் பெரிது. பத்தாம் நம்பரில் அடங்காத கார்த்திகை ஆறாம் நம்பரில் அடங்கும் என்று அவர் முடிவு செய்தார்.

நுவரெலியாவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் நஜீம்தான் வெளிநாட்டுச் சாமான்களை வரவழைத்துக் கொடுப்பார். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஆறாண்ணே? எல்லாரும் இருபதுதானே எடுக்குறாங்க" என்று நஜீம் கேட்டார்.

"இருபதுல தூசிதான் தம்பி விழும்" என்றார் அண்ணன்.

நஜீமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆறுக்கே சொல்லி அனுப்பினார்.

ஜனவரி முதல் கிழமை அது வந்தது. அன்று வானம் சுத்தமாக இருந்தது. அண்ணன் செருகிப் பார்த்தார். கழற்றி நம்பரைப் பார்த்தார். மறுபடி செருகினார்.

"ஒத்தப் பொம்பளதான் நிக்குறா" என்றார்.

பிறகு கைப்பேசியை என்னிடம் தந்தார். விட்ட பந்தியை வாசித்தேன். பாகை ஒன்றானாலும் நம்பர் கூடினால் வானத்தில் பிடிக்கும் வட்டம் அகலும், குறைந்தால் ஒடுங்கும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அண்ணன் ஆறைக் கழற்றி மூடியைப் போட்டார். சல்லடைக்குத் தலைகீழ் என்று மட்டும் சொல்லிக்கொண்டார். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்து இருபதுக்கு மாற்றச் சொன்னார். மூன்று நாலு கிழமை ஆகும் என்றார் நஜீம். நடந்ததை இராமையாவிடம் அண்ணனே போய்ச் சொல்லியிருக்கிறார். அந்தக் கிழமை முழுக்க ஸ்டோரில் அவருக்கு ஆறாம் நம்பர் என்று பெயர்.

ஜனவரி பதினேழாம் தேதி காலை ஸ்டோரின் மேல்மாடிக்கு ஏறும் படியில் உட்கார்ந்தார். எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் புருவத்தில் தூள் இருந்தது. நான்தான் துடைத்தேன்.

கருமாதி முடிந்த பிறகு நஜீம் கைப்பேசியில் பேசினார்.

"டீச்சர், அண்ணன் சொன்ன சாமான் வந்திருக்கு. வேணாம்னா திருப்பி அனுப்பிறலாம். நீங்க சொல்றதுதான்."

வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. போய் எடுத்துவந்தேன். எட்டு நாள் அது பாடசாலைப் பைக்குள்ளேயே கிடந்தது. நான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், இரண்டு பேருக்கு அரிசி போட்டேன், மிச்சத்தை மறுநாள் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் பொழுதுபட இராமையா வந்தார். அண்ணன் போன பிறகு வீட்டுப் பக்கம் வராதவர். சாமான் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். பார்த்தீர்களா என்றார். இல்லை என்றேன். வாசற்படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்.

"மாசி முடியப் போவுது டீச்சர்" என்றார்.

தொலைநோக்கியை லயத்து வாசலில் கொண்டுவந்து வைத்தோம். வளைந்த காலை அவர் பிடித்துக்கொண்டார். அண்ணன் செய்வதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். கை தானாகச் செய்தது. இருபதைச் செருகித் திருப்பினேன். காலை என்னிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு இராமையா குனிந்தார்.

வெகுநேரம் அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது. பத்தொன்பது என்றவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"நெறைய பேரத்தான் கூட்டிட்டு வந்திருக்கான்."

நானும் பார்த்தேன். எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருந்தன. சுற்றிக் கொஞ்சம் இடமும் மிச்சம் இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எண்ணினேன். முப்பத்து நாலு. ஒன்றை இரண்டு தரம் எண்ணியிருக்கலாம். கீழே தேயிலை மலையிலிருந்து பனி ஏறிவந்து வட்டம் வெள்ளையாகிப் போனது.

கண்ணைக் கழற்றி மூடியைப் போட்டேன். இராமையா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது என்னா நம்பரு?"

"இருபது."

"எங்க சல்லடையில இருபதுன்னா தூசிதான் விழும்" என்றார்.

அண்ணன் கடையில் சொன்னதும் அதுதான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.