இறங்கியாச்சா?

மூன்று வருடத்துக்கு முன்னால், அக்னி நட்சத்திரம் முடிய இரண்டு நாள் இருந்தபோது நடந்தது இது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டைப்செட்டிங் வேலை பார்க்கிறேன். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, அடுத்த வருடத்துத் தினசரி காலண்டருக்கு ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் அடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே மேற்கில் மேகம் எழும்புவது தெரிந்தது. கை அதுபாட்டுக்கு நின்றுவிட்டது.

எனக்கு மழைக் கிறுக்கு உண்டு. வீட்டு மொட்டைமாடியில் மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதுவேன். எங்கள் பக்கம் மழை பெய்கிற லட்சணத்துக்கு இது தேவையா என்று கேட்காத ஆள் கிடையாது. "நாம அடிக்கிற காலண்டர்லயே மழைன்னு போட்டிருக்கேக்கா, பெறகு எதுக்கு நீங்க வேற மாடி ஏறுதீக?" என்று ஆபீஸ் பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கும். நானும் கூடச் சிரிப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும்.

சிரிக்காதவர்கள் மூன்றே பேர். ஒரு வானிலைப் பக்கத்தில் கருத்துப் போட்டுப் பழகி, நால்வரும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். ஒருவர் விருதுநகர், ஒருவர் ஏழாயிரம்பண்ணை, ஒருவர் ஆனைக்குட்டம். ஊர்தான் எங்களுக்குப் பெயர். எட்டரைக்கு அவரவர் மழைமானியைப் படம் எடுத்துப் போடுவோம். மூன்று மாதம் சொட்டு மழை இல்லாவிட்டாலும், பூஜ்யம் புள்ளி பூஜ்யம் என்று நாலு பேரும் அக்கறையாகப் போடுவோம். யார் என்ன வேலை, வீடு எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. நேரில் பார்த்ததும் இல்லை.

அன்று மேகத்தைப் பார்த்ததும், இது தெற்கே ஏழாயிரம்பண்ணைக்குத்தான் போகும் என்று நான் போட்டேன். இல்லை, எங்கள் ஊருக்குத்தான் திரும்பும் என்று ஆனைக்குட்டம் போட்டார். அதற்குள் ஏழாயிரம்பண்ணைக்காரர், லேசாக இடிச் சத்தம் கேட்டதுமே பட்டாசுக் கம்பெனியில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றும், தானும் கிளம்பிவிட்டதாகவும் சொன்னார். நான் அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் யார் சொன்னது சரி என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மாடில ஏறி எண்ணிச் சொல்லுங்க" என்று ஆனைக்குட்டத்துக்கு எழுதினேன். மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பித்து, இடி கேட்கும்போது நிறுத்த வேண்டும். மூன்று எண்ணினால் மேகம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு.

குரல் பதிவு வந்தது. பன்னிரண்டு வரை எண்ணினார். அடுத்ததில் ஏழு. மேகம் அவரிடம்தான் போகிறது. நான் தோற்றாயிற்று. கீழே இறங்குங்கள் என்று எழுத வேண்டிய நேரம் அது. நான் எழுதியது, "இன்னும் ஒரே ஒரு தடவை." மின்னல் என்றால் என்ன செய்யும் என்று பட்டாசு ஊரில் பிறந்தவளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? எழுதிவிட்டேன்.

மூன்றாவது பதிவில், "ஒண்ணு, ரெ..." என்றார். படார் என்று ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது.

அழைத்தேன். ஸ்விட்ச் ஆஃப். பத்து நிமிடம் கழித்தும் ஸ்விட்ச் ஆஃப். அந்தப் பதிவை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. ஒரு மனிதரைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது விருதுநகர்க்காரர் முதல்முறையாக என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, எங்கன இருக்கீக? நான் வண்டிய எடுத்துட்டேன். ஆனைக்குட்டம் பஸ் ஸ்டாப்புக்கு வந்துருங்க." மேனேஜரிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்பது இன்றுவரை நினைவில்லை. கண்ணைத் திறக்க முடியாத மழையில் ஸ்கூட்டரை ஓட்டினேன்.

ஆனைக்குட்டம் நிறுத்தத்தில், பருப்பு மூட்டை மூடுகிற பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்திக்கொண்டு ஒரு பாய் நின்றார். ஐம்பது வயது இருக்கும். "சிவகாசியா?" என்றார். தலையாட்டினேன். ஆனால் யார் வீடு என்று விசாரிப்பது? எங்களுக்குப் பெயர் தெரியாது, முகம் தெரியாது. மழைமானியை மட்டும்தான் தெரியும்.

அதற்குள் ஏழாயிரம்பண்ணைக்காரர், வழியில் ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்று, பழைய படங்களை எல்லாம் தோண்டிப் பார்த்து எழுதியிருந்தார். ரோஸ் கலர் கைப்பிடிச் சுவர், மூடி உடைந்த பச்சைத் தண்ணீர்த் தொட்டி, பின்னால் ஒட்டி நிற்கிற ரெட்டைப் பனை. மழையில் அண்ணாந்தபடி தெருத் தெருவாகப் போனோம். பாய்தான் முதலில் பனையைப் பார்த்தார். பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார். இரண்டில் ஒரு பனையின் உச்சி கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

நான் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருந்தேன். பாய் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வாசல்படியில் ஓர் ஒல்லியான ஆள், தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சில்லுச் சில்லாக ஒரு போன். இடி விழுந்த அதிர்ச்சியில் விரல் விட்டதும் பதிவு மட்டும் எங்களுக்கு வந்துவிட்டது, போன் கையிலிருந்து கீழே தெறித்திருக்கிறது.

"நான் விருதுநகர்" என்றார் பாய்.

"நான் சிவகாசி" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவருக்குக் காது அடைத்திருந்ததால் கத்திப் பேசினார். "ரெண்டுகூட எண்ணல பாத்துக்கோங்க! மேகம் நேரா தலைக்கு மேல!"

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். "ஏறி எண்ணச் சொன்ன அந்தச் சிவகாசி நீங்கதானா?"

"நான்தாங்க. என் மேலதான் தப்பு."

"அவுக சொன்னா? எனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று வீட்டுக்காரரே கத்தினார். "நான் சொன்னதுதான் சரின்னு காட்டணும்னுல்ல நின்னேன்."

அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்ம வீட்ல ஒண்ணுதான் இப்பிடின்னு நெனச்சேன். ஊருக்கு ஒண்ணு இருக்கும்போல" என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

இடி ஓய்ந்து, மழையும் விட்டு, அரைமணி நேரம் கழித்துத்தான் அந்த அம்மா யாரையும் மாடிக்கு விட்டார். மழைமானியைக் கீழே எடுத்து வந்து ஸ்டூலில் வைத்தோம். முப்பத்தெட்டு புள்ளி நாலு மில்லிமீட்டர் என்றார் வீட்டுக்காரர். புள்ளி இரண்டு என்றேன் நான். பாய் சட்டைப் பையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டி, குனிந்து பார்த்து, புள்ளி மூன்று என்றார். பாயின் போனில் ஏழாயிரம்பண்ணைக்காரர், "கண்ணுக்கு நேரா வச்சுப் பாருங்கய்யா" என்று கத்தினார். பத்து நிமிடம் சண்டை போட்டோம். அத்தனை பயத்துக்கு நடுவிலும் என் மனசு நிறைந்திருந்தது. புள்ளி இரண்டுக்காக என்னோடு மல்லுக்கட்ட ஆள் இருக்கிறார்கள் என்பது, பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைக்காத ஒன்று.

அன்றிலிருந்து குழுவில் ஒரு சட்டம். எந்த ஊரில் இடி கேட்டாலும் முதலில் போக வேண்டிய செய்தி, "இறங்கியாச்சா?" நாலு பேரும் "இறங்கியாச்சு" என்று போடும்வரை மேகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

மாடி ஏறுகிறவளைப் பார்த்துச் சிரிக்கிற ஊரில், நான் இறங்கிவிட்டேனா என்று கேட்கவும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பது, ஒவ்வோர் இடிக்கும் எனக்கு நினைவு வருகிறது.