வேப்பிலைக் கட்டில்

விளாங்குடியில் என் எதிர்வீட்டு நாகஜோதிக்கு எதிலும் பயம்தான் முந்தும். இருபது வருடம் பூக்கட்டி ஒரே மகளை வளர்த்தவள். மகள் சரண்யாதேவியைக் கொடுத்தது தேனியில். தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து வெள்ளிக்கிழமை அழைத்துவர நாள் குறித்தாயிற்று.

வயிற்றுப்பிள்ளைக்காரி தரையில் படுக்கக்கூடாதே என்று நாகஜோதியின் வீட்டுக்காரர் அழகுபாண்டி, மூடிவிட்ட ஒரு லாட்ஜிலிருந்து பழைய மரக்கட்டிலை மெத்தையோடு வாங்கிவந்தார். ஆடுகிறதா என்று பார்க்க அவரே நாலு நாள் படுத்தார். ஐந்தாம் நாள் கையிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்பு.

சித்திரை வெயிலில் எது சிவந்தாலும் எங்கள் தெருவில் அது அம்மைதான். நாகஜோதி வாசலில் வேப்பிலை செருகினாள். புருஷனை அதே கட்டிலில் வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்தாள். குளியல் கிடையாது, மருந்து கிடையாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. தடிப்பு நாளுக்கு நாள் கூடியது. கூடாமல் என்ன செய்யும்?

சம்பந்தியம்மா போனில் முடித்துவிட்டார். "அம்மை போட்ட வீட்டுக்கு மாசமா இருக்க பிள்ளைய எப்படி அனுப்ப? பிரசவம் இங்கனயே ஆகட்டும்."

நாகஜோதி வாசலில் உட்கார்ந்து அழுதாள். "ஆத்தா, இது அம்மையா இருக்கக்கூடாது. எம்பிள்ளை வீடு வந்து சேந்தா கூழு ஊத்துறேன்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒத்தக்கடை லேடீஸ் ஹாஸ்டலில் ஒன்பது வருடம் சமைத்தவள் நான்; அங்கே பார்க்காத தடிப்பா?

"காய்ச்சல் இருக்காடி?"

"இல்லக்கா. அரிப்புதான் தாங்கல."

"தடிப்பு எப்படி, வரிசையா இருக்கா?"

"மூணு மூணா இருக்கு. பனியன் மறைச்ச இடத்துல ஒண்ணுமில்ல."

வேப்பிலையாவது ஒன்றாவது, நேரே உள்ளே போனேன். "எந்திரி தம்பி!" மெத்தையைப் புரட்டினால் தையல் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. கட்டில் மூட்டில் கொழுத்துப்போய் ஒரு கும்பல்.

"இந்தா, உன் வீட்டு அம்மை ஆறு காலோட ஓடுது பாரு!"

மூட்டைப்பூச்சியைக் கண்டு அம்புட்டு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் பார்த்ததே இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

அழகுபாண்டி மண்ணெண்ணெய் டப்பாவோடு வந்தார். "மாசமா இருக்க பிள்ள வார வீட்ல தீய வைக்கப்போறியா?" என்று பிடுங்கிக்கொண்டேன். மெத்தையை வேறு யாரும் தூக்கிப்போகாதபடி கிழித்து, பாலிதீனில் இறுகக் கட்டி, குப்பை வண்டியில் ஏற்றினோம். கட்டிலைப் பிரித்து மூட்டுமூட்டாகக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினோம். துணிகளை வேகவைத்தோம். சுவர் விரிசலில் சிமெண்டு பூசினோம். முட்டை பொரிக்குமே என்று பத்து நாள் கழித்து எல்லாம் மறுபடியும்.

அம்மை இல்லை என்று தெரிந்ததும் சம்பந்தியம்மா இறங்கிவந்தார்; சரண்யாதேவி இரண்டு வாரம் தள்ளி வந்தாள். முதல்நாள் விடிந்ததும் நாகஜோதி மகளின் கை, கழுத்தெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தடிப்புகூட இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையே கூழ் ஊற்றினாள்.

"அம்மையே இல்லையேடி, கூழு எதுக்கு?"

"அம்மையா இருக்கக்கூடாதுன்னுதானக்கா வேண்டுனேன்? ஆத்தா அத மூட்டைப்பூச்சியா மாத்திக் குடுத்துட்டாளே!"

வெந்நீரில் கை வெந்தது எனக்கு, பேர் ஆத்தாளுக்கு. இன்னொரு சொம்பு வாங்கிக் குடித்தேன்.