நாங்கள் படித்த முதுகு

சிவபாலன் அண்ணை இறந்துவிட்டார். நேற்றுக் காலை, ஆஸ்பத்திரியில்... போன கிழமை விழுந்ததிலிருந்து கண் திறக்கவே இல்லை.

பாரிஸில், லா சப்பலில் சாப்பிட்ட உங்களில் பலர் அவரைக் கண்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் சாப்பிட்ட கோப்பையைக் கழுவியவர். பதினொரு வருடம், ஒரே ரெஸ்ரோரண்ட், நிலத்துக்குக் கீழே இருக்கிற குசினியில்.

கிளிநொச்சிக்காரர். ஐம்பத்திரண்டு வயது. மனைவியும் மகளும் அங்கேதான்.

ஆர்.ஐ.பி. என்று போட்டுவிட்டு நகர மனமில்லை. இதில் என் பங்கும் இருக்கிறது, அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

என் தொழில் தெரியும்தானே... கைரோபிராக்டர், முதுகெலும்பைக் கையால் சீர்செய்கிற வேலை. லா சப்பலுக்குப் பக்கத்தில், ஸ்டாலின்கிராட்டில் சின்னதாக ஒரு கபினே, வைத்திய அறை. முதுகு நோவென்று அண்ணை அங்கே வந்தவர்.

எங்களுக்குப் படிப்பு முடிவதில்லை. முதுகெலும்பு எப்படிப் பாரம் தாங்குகிறது, எந்த இடத்தில் தேய்கிறது, எங்கே நரம்பை நெரிக்கிறது என்று வருடா வருடம் சனி ஞாயிறில் ஒரு கோர்ஸ். டொக்டர்மாரும் வருவார்கள். கடைசியில் எல்லோருக்கும் சேர்ட்டிபிக்கேட்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கோர்ஸை நடத்துகிறவர் கேட்டார், உண்மையாகவே பாரம் தூக்கிப் பிழைக்கிற ஒருவர் மாதிரிக்குக் கிடைப்பாரா என்று. நான்தான் கை உயர்த்தினேன்.

"பெரிய டொக்டர்மாரும் பாப்பினமோ?" என்று கேட்டார் அண்ணை.

"ஓம் அண்ணை, முப்பது பேர் வருவினம்."

"அப்ப ஒராளாவது ஒரு வழி சொல்லுவார்தானே."

ஞாயிறு காலை, வேலைக்குப் போகமுதல் வந்தார். சேட்டைக் கழற்றிவிட்டு முப்பது பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகெலும்பு நெடுக வெள்ளைப் பொட்டுகள் ஒட்டி, ஒரு பெட்டியைத் தூக்கச் சொல்லி வீடியோ எடுத்தார்கள்.

வேலையில் தூக்குவது போலவே தூக்கினார். திரையில் சிவப்புக் கோடு. பிழையாம். முழங்காலை மடித்து, பாரத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டுமாம்.

அண்ணை என்னைப் பார்த்துச் சொன்னார், "தங்கச்சி, எங்கடை படி ஒராள் பக்கவாட்டிலை இறங்கிற படி. இவை சொல்லிற மாதிரி மடக்கினா முழங்கால் சுவரிலை இடிக்கும். படியை அகட்டச் சொல்லி முதலாளிக்கு ஒரு கடிதம் தருவினமோ எண்டு கேளுங்கோ."

நான் மொழிபெயர்த்தது இவ்வளவுதான்: "படி ஒடுக்கம் என்கிறார்." கடிதத்தைக் கேட்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. சிலர் சிரித்தார்கள். அடுத்த ஸ்லைடு.

பிறகு குதிக்காலில் நடக்கச் சொன்னார்கள். இடது பாதம் மேலே எழும்பவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் டொக்டர், "நரம்பு நெரிபடுகிறது, இதை விடக்கூடாது" என்றார். "நல்ல அவதானிப்பு" என்றார் நடத்துகிறவர்.

அத்தோடு கோப்பி இடைவேளை.

அண்ணை சேட்டைப் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றார். ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. நான் நடத்துகிறவரோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அவருடைய குடும்ப டொக்டருக்கு எழுதினேன். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஒப்பரேஷன் வேண்டும், அதுவரை வேலைக்குப் போகக்கூடாது என்று அந்த டொக்டர் 'அரே', மருத்துவ லீவுக் கடுதாசி, எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடுதாசியை நாலாக மடித்துக்கொண்டு அண்ணை என்னிடம் வந்தார்.

"வதிவிடக் கார்ட் புதுப்பிக்க முதலாளி ஒரு பேப்பர் தரவேணும் தங்கச்சி. இப்ப போய் இதை நீட்டினா அவர் அதைத் தருவாரோ? முதல் கார்ட் கையிலை வரட்டும். பிறகு வெட்டட்டும்."

இப்படியான விஷயங்களில் உதவுகிறவர்களை எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், ஒரு மத்தியானம் போதும்.

"சரி அண்ணை, கவனமாப் படி இறங்குங்கோ" என்றேன். அதுதான் நான் செய்த வைத்தியம்.

கார்ட் வந்தது, ஒரு வருடத்துக்கு மட்டும். பிறகு அடுத்த புதுப்பிப்பு, பிறகு அதற்கு அடுத்தது... ஒப்பரேஷன் தள்ளிக்கொண்டே போனது.

இந்த வருடமும் கோர்ஸுக்குப் போனேன். திரையில் அண்ணையின் முதுகு. தலை இல்லை, முகம் இல்லை. மேலே தலைப்பு: பாரம் தூக்கும் தவறான முறை.

"இந்த ஆளுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த இளம் டொக்டர்.

தெரியாது என்றேன்.

போன வியாழக்கிழமை வெங்காய மூட்டையோடு இறங்கும்போது அந்த இடது பாதம் படியில் தடக்கிவிட்டது. தலைகீழாக விழுந்திருக்கிறார்.

முதலாளி மலர்வளையத்துக்குச் சொல்லியிருக்கிறாராம். "பதினொரு வருஷம்... ஒரு நாள் வருத்தம் எண்டு நிண்டதில்லை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நேற்றுப் பின்னேரம் அண்ணையின் மனைவியோடு போனில் கதைத்தேன். யார் பிழை, எப்படி விழுந்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"அவர் நிமிர்ந்து படுத்திருக்கிறாரோ தங்கச்சி? நோவிலை படுக்க ஏலாமல் மூண்டு வருஷமாக் கதிரையிலை இருந்துதான் நித்திரை எண்டு சொன்னவர்."

எனக்கு அது தெரியாது. எப்படிப் படுக்கிறீர்கள் என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை.

"ஓம் அக்கா" என்றேன். "நேராத்தான் படுத்திருக்கிறார்."

ஞாயிறு இரண்டு மணிக்குப் பியர்ஃபித் மலர்ச்சாலையில் அண்ணையைப் பார்வைக்கு வைக்கிறார்கள். நான் அங்கே நிற்பேன்.

நித்திரை கொள்ளுங்கோ அண்ணை.