முகத்தில் பத்து இருக்கும்போது பேசக் கூடாது

1. எலுமிச்சம்பழம்

ஓட்டுப் பதிவுக்கு ஐந்து நாள் இருக்கையில் தேன்மொழி என் வீட்டுக் கொல்லை வழியாக வந்தாள். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிற்கிறவள் வாசல் வழியாகத்தான் வருவாள், கும்பிடுவாள், நோட்டீஸ் கொடுப்பாள். இவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றாள். துணியை விலக்கிப் பார்த்தேன். கன்னம் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. மூக்கின் மேல்தோல் உரிந்திருந்தது. சாயம் போட்ட தலைமயிர் வெயிலில் வெளுத்துத் தேங்காய்நார் மாதிரி இருந்தது.

“என்னாடி பண்ணின?”

“எலுமிச்சம்பழம் தேச்சேன் பெரியம்மா. போன்ல காட்டுனாங்க.”

“தேச்சுட்டு?”

“ஓட்டு கேக்கப் போனேன்.”

“எத்தனை மணிக்கு?”

“மத்தியானந்தான எல்லாரும் வூட்ல இருப்பாங்க.”

“எலுமிச்சம்பழத்தைத் தேச்சுக்கிட்டு உச்சி வெயில்ல போனா என்னாவும்? ஊறுகாய் போடறவளுக்கு இது தெரிய வேணாமா?”

அவளுக்கு அழுகை வந்தது. காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய போஸ்டரில் போட்டோக் கடைக்காரன் முகத்தை உரித்த முட்டை மாதிரி வெளுப்பாக்கி வைத்திருந்தான். அவளோ பங்குனி வெயிலில் வீடு வீடாக நடந்து கறுத்துப் போயிருந்தாள். எதிர்த்து நின்றவரின் ஆட்கள் மைக்கில், “போஸ்டர்ல இருக்குற அம்மா எப்ப வருவாங்க?” என்று கேட்டுக்கொண்டே ஆட்டோவில் சுற்றினார்கள். ஊரே சிரித்தது. இவள் அதற்காகத்தான் எலுமிச்சம்பழத்தை எடுத்திருக்கிறாள்.

“போஸ்டர்ல இருக்குற மாதிரி ஆக்கிவுடுங்க பெரியம்மா. இல்லன்னா தோத்துருவேன்.”

“அந்த மூஞ்சி ஒனக்கும் கிடையாது, யாருக்கும் கிடையாது. போட்டோக் கடைக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. நான் எரிச்சலை ஆத்துவேன். படு.”

உடையார்பாளையம் பக்கம் எங்கள் ஊரில் குளியல் பொடியும் சீயக்காயும் அரைத்து, தலை எண்ணெய் காய்ச்சி விற்கிறவள் நான். வெயில் பட்டு வருகிறவர்களுக்கு, குளிர்ச்சியானதை அரைத்து அப்பிப் பத்தும் போடுவேன். மருமகள் ‘இயற்கை அழகு நிலையம்’ என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறாள். போர்டு இல்லாத காலத்திலும் ஆட்கள் வந்தார்கள். யாரையும் வெள்ளையாக்குகிறேன் என்று இதுவரை நான் சொன்னதில்லை.

2. நுங்கும் செம்பருத்தியும்

எரிந்த தோலுக்குச் சோப்பு கூடாது, மஞ்சள் கூடாது, தேய்க்கவே கூடாது. பானைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினேன். இளநுங்கின் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஒற்றினேன். அப்புறம் நுங்கை மசித்து, பானைக்குப் பக்கத்தில் வைத்துக் குளிர்ந்த கெட்டித் தயிரோடு கலந்து முகம் முழுக்க அப்பினேன்.

கழுத்துக்குச் சோற்றுக் கற்றாழை. மடலை வெட்டி உடனே வழிப்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய மடலைச் சாய்த்து வைத்து மஞ்சள் பால் ஒழுகிய பிறகே உள்ளே இருக்கும் சோறு எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் அரிக்கும், பிறகு கற்றாழையைத் திட்டுவார்கள்.

தலைக்கு ஊறிய வெந்தயமும் செம்பருத்தி இலையும் அரைத்து அப்பி, கண்மேல் ஈரத்துணி போட்டேன். அந்தக் கோலத்தில் பெற்ற தாய் வந்தாலும் தேன்மொழியை அடையாளம் தெரியாது.

“இனிமே வாயத் தொறக்கக் கூடாது. நுங்கு வழுக்கும். பேசினா பத்து பூராவும் கழுத்துக்கு வந்துரும்” என்றேன். ஓட்டு கேட்கிறவளிடம் இதைச் சொல்வது சுலபம், கேட்டு நடப்பது அவளுக்குக் கஷ்டம். சரி என்று விரலை ஆட்டினாள்.

3. களத்துக்காரிகள்

முந்திரிக் கொட்டைக் களத்தில் வேலை முடித்து வருகிற பெண்கள் சாயங்காலம் என் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவார்கள். காட்டில் கொட்டை பொறுக்குகிறவர்களுக்கு மர நிழல் உண்டு. களத்தில் கொட்டையைப் பரப்பிக் காயவைத்துக் கிளறுகிறவர்களுக்கு அது கிடையாது. உடைக்கிற இடத்தில் கொட்டையின் ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டு விரலும் பொத்துப்போகும். கைக்குத் தேங்காய் எண்ணெய், கழுத்துக்குத் தயிர் என்று கேட்டு வருவார்கள். அன்றும் அஞ்சலை, பாப்பாத்தி இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள்.

“யாருக்கா இது, படுத்துருக்கறது?” என்றாள் அஞ்சலை.

“செயங்கொண்டத்து ஆளு. வெயில் பட்டுருச்சு.”

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “தேன்மொழி ஒங்க களத்துக்கு வந்துச்சாமே?” என்று எடுத்துக் கொடுத்தேன்.

“வந்துச்சு” என்றாள் பாப்பாத்தி. “கூட ஒருத்தன் குடை புடிச்சான். குடைக்குள்ள நின்னுக்கிட்டு, ‘ஒங்க கஷ்டம் எனக்குத் தெரியும்’னுச்சு.”

“தெரிஞ்சா குடைய இங்குட்டுக் கொஞ்சம் நீட்டச் சொல்லியிருக்கலாம்” என்றாள் அஞ்சலை.

கட்டிலில் கால் கட்டைவிரல் அசைந்தது.

“மூஞ்சி கறுத்துப்போச்சுன்னு அந்தம்மாவுக்கு ரொம்பக் கவலையாம்” என்றாள் பாப்பாத்தி.

“நமக்கென்னா, மூஞ்சியவா கட்டிக்கப் போறோம்? கைகாட்டி முக்குல பஸ்ஸுக்கு நிக்கறோமே, ஒரு கீத்து நெழலு உண்டா? போன தலைவரு தன் பேரு போட்டு வளைவு கட்டுனாரு. அது நெழலு கூட பஸ் நிக்காத பக்கம் வுழுவுது.”

“எதுத்து நிக்கறவரு என்னா சொல்றாரு?” என்று கேட்டேன்.

“அவரு காரை வுட்டே எறங்கல. கண்ணாடிக்கு உள்ளேர்ந்து கும்புட்டாரு.”

“அப்ப யாருக்குத்தான்டி போடுவீங்க?”

“நெழலு போடறவங்களுக்கு” என்றாள் பாப்பாத்தி.

“எந்தப் பக்கம் போடணும்?”

இதைக் கேட்டது கட்டில். நுங்கு தாடை வழியாக வழிந்து கழுத்துக்கு வந்திருந்தது. ஈரத்துணி விழுந்து இரண்டு கண்ணும் தெரிந்தன. பாப்பாத்தியின் கை எண்ணெய்க் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. அஞ்சலை மட்டும் அசரவில்லை.

“நாங்க நிக்கறது சாயங்காலம். அதுனால மேக்கால ஒரு சுவரு வரணும். மேல கூரை மட்டும் போட்டா வெயிலு பக்கவாட்டுல அடிக்கும். வளைவு கட்டுனவரு இதத்தான் கேக்கல.”

“ஒக்கார எடம்?”

“இருந்தா நல்லதுதான். மொதல்ல நெழலு.”

அதற்குள் பாப்பாத்தி எழுந்து, “நீங்க படுங்கம்மா, நுங்கு வழியுது” என்று கன்னத்துப் பக்கம் கையைக் கொண்டு போனாள். நான் பாய்ந்து தட்டிவிட்டேன். ஓட்டு எண்ணெய்க் கை முகத்தில் பட்டிருந்தால் என் வேலை மொத்தமும் நாசமாகியிருக்கும். ஓட்டும் போயிருக்கும்.

4. இரண்டு குடை

மறுநாள் தடிப்பு அடங்கி, எரிச்சல் நின்றது. மயிர் பணிந்து சீப்புக்குள் போனது. நிறம் கறுப்பாகவே இருந்தது, மூக்கு இன்னும் உரிந்துகொண்டிருந்தது. வெயிலிலேயே நின்று ஓட்டு கேட்கப் போகிறேன் என்றாள்.

“என் பத்தை வீணாக்காத. குடை எடுத்துக்க. ரெண்டா எடுத்துக்க” என்றேன்.

சாயங்காலம் கைகாட்டியில் ஒரு குடையை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு, பஸ் வரும்வரை அவர்களோடு நின்றாளாம். மைக் ஆட்டோ வழக்கமான கேள்வியைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறது. “வந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்கு, கண்ணு தெரியலையா?” என்று பாப்பாத்தி கத்தினாளாம்.

தேன்மொழி கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். இழுத்தடித்து இழுத்தடித்து, அடுத்த கோடை பிறப்பதற்குள் கைகாட்டியில் கூரை வந்தது. மேற்கே சுவரும் வந்தது. அதில் அவளுடைய முட்டைமுகப் போஸ்டரை யாரோ ஒட்டியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் யார் இது என்று கேட்டால், தெரியவில்லையே என்கிறாள் அஞ்சலை.

அந்தக் கோடையில் களத்துக்காரிகள் கைக்கு எண்ணெய் கேட்டுத்தான் வந்தார்கள். கழுத்துக்குத் தயிர் கேட்டு வந்தவர்கள் குறைந்துபோனார்கள். வாங்கி வைத்த நுங்கை நானும் மருமகளும் தின்று தீர்த்தோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். வெயில் பட்டவருக்கு முதல் மருந்து நிழல். நுங்கும் தயிரும் கற்றாழையும் அதற்குப் பிறகுதான். நிழலை அரைத்து டப்பாவில் அடைக்க முடியாது, அதனால் எந்தக் கடையிலும் அதைச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, முகத்தில் பத்து இருக்கிறவளை வாய் திறக்க விடாதீர்கள். ஒரே ஒரு தடவை விட்டேன், பாதி வியாபாரம் போய்விட்டது.